கரிய துகளும் கடைப் பாசுரமும்: ஆழப்பொருள் கொள்ளும் நெறி

அருளிச்செயல் வ்யாக்யானங்களைப் பற்றிப் பழையதோர் ஐயம் உண்டு. ஆழ்வார் ஒரு சொல்லை இட்டருளினார். ஆசார்யர்கள் அச்சொல்லுக்கு ஒரு பக்க அளவு பொருள் விரித்தனர். அந்த விரிவு அனைத்தும் அச்சொல்லுக்குள்ளேயே இருந்ததா, அன்றி உரைகாரர் புறத்திலிருந்து கொணர்ந்து இட்டதா என்பதே அந்த ஐயம். இதற்கு இரண்டு எளிய விடைகள் வழங்குகின்றன. சொல்லுக்கு அகராதிப் பொருள் ஒன்றே உண்டு, எஞ்சியவை பக்தியின் மிகுதியால் விளைந்தவை என்பது ஒன்று. பகவத் விஷயமான சொல்லுக்கு எல்லையே இல்லை, ஆதலால் எந்தப் பொருளைச் சொன்னாலும் தகும் என்பது மற்றொன்று. முன்னது உரைமரபைப் பயனற்றதாக்குகிறது. பின்னது அதனைக் காவலற்றதாக்குகிறது. பூர்வாசார்யர்கள் இவ்விரண்டையும் கொண்டவர்கள் அல்லர் என்பதை அவர்களுடைய நூல்களும், அந்நூல்களைச் சூழ்ந்த ஐதிஹ்யங்களும் காட்டுகின்றன. ஒரே ஒரு குறிப்பிலிருந்து ஆழத்தில் கிடப்பதை அறிவது எவ்வாறு, எந்த அளவுக்கு அவ்வறிவு செல்லும் என்பதை ஆராய, ஒரே நிலப்பகுதியில் ஆயிரம் ஆண்டு இடைவெளியில் நிகழ்ந்த இரண்டு செய்திகள் துணை செய்கின்றன.

ஒரு நிலம், இரண்டு கண்டெடுப்புகள்

இன்றைய கடலூர் மாவட்டத்தில், காட்டுமன்னார்கோயில் என வழங்கும் வீரநாராயணபுரம் ஸ்ரீமந்நாதமுநிகள் அவதரித்த தலம். அதற்கு வடக்கே, ஒரு நாள் நடைத் தொலைவில் இருப்பது நெய்வேலி. பூவராஹன் எழுந்தருளியுள்ள ஸ்ரீமுஷ்ணமும், ஸ்வாமி தேசிகன் நெடுங்காலம் வாழ்ந்தருளிய திருவஹீந்த்ரபுரமும் இதே மாவட்டத்தில் உள்ளவை. ஆயின் நெய்வேலியின் பெயரை நாடறியச் செய்தது பழுப்பு நிலக்கரி.

1930-களின் நடுவில் ஜம்புலிங்க முதலியார் என்னும் நிலக்கிழார் தம் நிலத்தில் நீருக்காக ஆழ்துளைக் கிணறு இறக்கினார். நீரோடு கரிய பொருளும் மேலே வந்தது. வேண்டியது நீரே, கரிய பொருள் அதற்கு இடையூறாக வந்த ஒன்று. கழித்து எறிந்துவிட்டுக் கிணற்று வேலையைத் தொடர்ந்திருந்தால் குற்றம் சொல்வார் இல்லை. அவர் அதனைப் பொருட்படுத்தி அரசினர் கவனத்துக்குக் கொண்டுசென்றார். 1943 முதல் 1946 வரை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையினர் அப்பகுதியில் துளையிட்டு ஆராய்ந்தனர். 1956 நவம்பர் 14 அன்று நிலக்கரி நிறுவனம் பதிவு பெற்றது. 1957 மே 20 அன்று பிரதமர் ஜவாஹர்லால் நேரு சுரங்க வெட்டைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகஸ்டில்தான் கரிப்படலம் வெளிப்பட்டுக் கண்ணுக்குத் தெரிந்தது. துகளைக் கண்ட நாளுக்கும் படலத்தைக் கண்ட நாளுக்கும் இடையே கால் நூற்றாண்டு சென்றது.

நாதமுநிகளின் சரிதம் இதனினும் நன்கறியப்பட்டது. குருபரம்பரா ப்ரபாவம் கூறுமாறு, மன்னனாரைச் சேவிக்க வந்த ஸ்ரீவைஷ்ணவர்கள் சிலர் திருக்குடந்தை ஆராவமுதனைப் பற்றிய திருவாய்மொழிப் பதிகத்தைப் பெருமாள் திருமுன்பே அநுஸந்தித்தனர். அதன் இறுதிப் பாசுரத்தில், ஆயிரம் பாசுரங்களுள் இவை பத்து என்னும் குறிப்பு அமைந்திருந்தது. நாதமுநிகள் எஞ்சியவற்றைக் கேட்டார். வந்தவர்கள் இவ்வளவே அறிவோம் என்றனர். அவர் திருக்குருகூருக்கு எழுந்தருளினார். அங்கே மதுரகவிகளின் சிஷ்ய வழியில் வந்த பராங்குசதாஸர் ‘கண்ணிநுண் சிறுத்தாம்பு’ என்னும் பிரபந்தத்தை உபதேசிக்க, அதனைத் திருப்புளியின் அடியில் பன்னீராயிரம் உரு அநுஸந்தித்து, ஆழ்வார் ப்ரஸாதத்தால் திருவாய்மொழியை மட்டுமன்றி நாலாயிரத்தையும் பெற்றார்.

அந்தப் பதிகத்தை அதற்கு முன்பும் பலர் கேட்டிருப்பர். பாடி வந்தவர்களே எத்தனையோ முறை அக்கடைப் பாசுரத்தைச் சொல்லியிருப்பர். ஆயிரம் என்னும் எண் அவர்கள் நாவில் இருந்தது, வினாவாக எழவில்லை. கரிய துகளும் அவ்வாறே. அவ்வட்டாரத்தில் கிணறு இறக்கியவர் பலர் அதனைக் கண்டிருக்கலாம். குறிப்பு எல்லார்க்கும் பொது. அதனைக் குறிப்பென்று கொள்ளும் அறிவே அரிது.

பதிகத்தில் உண்மையில் இருந்தவை

நாதமுநிகள் கண்டது அவருடைய பக்தி கற்பித்ததா, பதிகத்தில் உள்ளதா? இதனை ஆராய்ந்து விடை கூற இயலும். அந்த ஒரு பதிகம் தன்னைக் கடந்த ஒன்றைக் காட்டும் அடையாளங்கள் மூன்று அதனுள் இருந்தன.

முதலாவது, எண். பத்து என்பது ஆயிரத்தின் பகுதி என்று பாசுரமே சொல்லிற்று. பகுதியைச் சொன்ன சொல் முழுமையையும் சொல்லிவிட்டது.

இரண்டாவது, பெயரும் ஊரும். பாடியவர் குருகூரைச் சேர்ந்த சடகோபர் என்பதும் அப்பாசுரத்திலேயே உண்டு. எங்கே தேடவேண்டும் என்னும் வினாவுக்கும் அங்கேயே விடை இருந்தது. நாதமுநிகள் திசை தெரியாமல் தேடவில்லை. குறிப்பு காட்டிய ஊருக்கே சென்றார்.

மூன்றாவது, அந்தாதி. திருவாய்மொழி முழுதும் அந்தாதித் தொடையால் ஆனது. ஒரு பதிகத்தின் முடிவே அடுத்த பதிகத்தின் தொடக்கம். நூலின் இறுதி மீண்டும் முதற் பாசுரத்தோடு சென்று இணையும். ஆதலால் நடுவிலிருந்து எடுத்த எந்தப் பதிகமும் இரு முனையும் அறுபட்ட சங்கிலித் துண்டே. முன்னே ஒரு கண்ணி இருந்தது, பின்னே ஒரு கண்ணி உண்டு என்பதை அதன் வடிவே காட்டும். இவ்வடையாளத்தை ஐதிஹ்யம் எடுத்துச் சொல்லவில்லை. எனினும் நூலமைப்பில் அது உள்ளது.

எண்ணைப் பற்றி மற்றொன்றும் கருதத்தக்கது. திருவாய்மொழிப் பாசுரங்கள் எண்ணிக்கையில் 1102. பதிகங்கள் 100, அவற்றுள் 99 பதிகங்கள் பதினொரு பாசுரம் உடையவை, பன்னிரு திருநாமங்களைச் சொல்லும் ஒரு பதிகம் மட்டும் பதின்மூன்று உடையது. அவ்வாறாயின் ஆயிரம் என்றது பிழையா? அன்று. பதிகத்துக்குப் பத்தாக நூறு பதிகத்துக்கு ஆயிரம். பயன் சொல்லும் பாசுரம் கணக்குக்குப் புறம்பாக நிற்கிறது. ஆயிரத்துள் பத்து என்று சொல்லும் பாசுரமே அந்தப் பத்தில் சேராதது. தன்னை எண்ணாமல் மற்றவற்றை எண்ணிக் காட்டுவதே அதன் தொழில். ஆகவே அவ்வெண்ணைத் தோராயம் என்று தள்ளவும் வேண்டா, 102 மிகுந்ததற்கு மறைபொருள் தேடவும் வேண்டா. எண் தன் இலக்கணத்தோடு பொருந்தி நிற்கிறது.

ஒரு குறிப்பு எதுவரை செல்லும்

விசிஷ்டாத்வைத ஸித்தாந்தத்தில் ப்ரமாணங்கள் மூன்று: ப்ரத்யக்ஷம், அநுமானம், சப்தம். நெய்வேலித் துகள் அநுமானத்துக்கு லிங்கம். கரித்துகள் கரி உள்ள இடத்திலிருந்தே வரும் என்னும் வ்யாப்தியால், அத்துளை சென்ற வழியில் கரி உண்டு என்பது தேறும். அதற்கு மேல் அத்துகளால் தேறுவது ஒன்றுமில்லை. கரி ஒரு முழத் தடிப்போ, பல ஆள் உயரமோ. ஒரு வயலின் அடியிலோ, பல ஊர்களின் அடியிலோ. எடுத்தால் பயன்படுமோ, படாதோ: இவற்றுள் எதையும் அது சொல்லாது. அதற்காகவே ஒரு துளைக்குப் பின் பல துளைகள் வேண்டியிருந்தன. ஒவ்வொரு துளையிலிருந்தும் எடுத்த மண்ணை ஆழம் வாரியாக வரிசைப்படுத்தி, துளைக்குத் துளை ஒப்பிட்டபோதே படலத்தின் எல்லையும் தடிப்பும் தெரிந்தன. முதல் துகள் செய்தது, அடுத்த துளையை எங்கே இடுவது என்று காட்டியது. அது மிகப் பெரிய தொண்டு. எனினும் அது சான்றின் தொடக்கமே.

நாதமுநிகளும் ஆயிரம் என்னும் சொல்லைக் கேட்டவுடன் ஆயிரத்தையும் தாமே இயற்றிக் கொடுத்தார் அல்லர். தேடிச் சென்றார், கேட்டார், பன்னீராயிரம் உரு நியமத்தோடு அநுஸந்தித்தார், பெற்றார். குறிப்பிலிருந்து முழுமைக்குப் பாய்ந்து செல்லாமல் இடையிலுள்ள வழியை நடந்தே கடந்தார்.

துகளுக்கும் பாசுரத்துக்கும் பெரியதோர் வேறுபாடும் உண்டு. துகள் பேசாது. அதற்குப் பின்னால் சொல்ல விரும்பியவர் எவரும் இல்லை. பாசுரமோ சப்தம், அதற்குச் சொன்னவர் உண்டு, அவர்க்குத் தாத்பர்யம் உண்டு. ஆதலால் துகளை ஆராய்பவர்க்கு இல்லாத ஒரு கடமை பாசுரத்தை ஆராய்பவர்க்கு உண்டு: சொன்னவர் திருவுள்ளத்துக்கு மாறுபடாமை. தொடக்கமும் முடிவும் ஒத்திருத்தல், மீண்டும் மீண்டும் சொல்லப்படுதல், புதிதாதல், பயன், புகழ்ச்சி, பொருத்தம் எனத் தாத்பர்ய லிங்கங்கள் ஆறு என்று மீமாம்ஸகர் வகுத்ததும் இக்கடமை பற்றியே.

‘விச்வாமித்ர ஸ்ருஷ்டி’ என்ற குற்றச்சாட்டு

வ்யாக்யான மரபு இவ்வினாவைத் தனக்குள்ளேயே எழுப்பிக் கொண்டது என்பதற்குத் தக்க சான்று எம்பெருமானார் சரிதத்தில் உள்ளது. எம்பெருமானார் திருமாலையாண்டானிடம் திருவாய்மொழிக்குப் பொருள் கேட்டு வந்தார். இரண்டாம் பத்தின் மூன்றாம் திருவாய்மொழி, மூன்றாம் பாசுரம் வந்தபோது கருத்து வேறுபட்டது. அறிவில்லாக் காலத்தில் அடிமையில் அன்பை விளைவித்தாய், பின்னர் அறியாமைக்கு இடமான இச்சரீரத்திலே வைத்துவிட்டாய் என்று ஆழ்வார் வருந்துவதாக ஆண்டான் அருளிச்செய்தார். முன்னும் பின்னும் உள்ள பாசுரங்கள் மகிழ்ச்சியையும் நன்றியையும் சொல்லிச் செல்ல, நடுவே ஒரு பாசுரம் மட்டும் வருத்தமாகப் பொருந்துமோ என்பது எம்பெருமானாரின் வினா. அறியாமையில் அழுந்திக் கிடந்த எனக்கு, அறியாத அக்காலத்திலேயே அன்பை விளைவித்தாயே என்று சொற்களைக் கூட்டினால் பாசுரமும் உபகாரத்தைச் சொல்லும் என்று அவர் விண்ணப்பித்தார். சொற்கள் அவையே, கூட்டும் முறை மட்டும் மாறியது, வருத்தம் நன்றியாயிற்று.

ஆண்டான், ஆளவந்தாரிடம் இப்பொருளைத் தாம் கேட்டதில்லை, இது விச்வாமித்ர ஸ்ருஷ்டி என்று சொல்லிக் காலக்ஷேபத்தை நிறுத்திவிட்டார். திருக்கோட்டியூர் நம்பி இதனைக் கேட்டு, ஆளவந்தார் அப்பொருளை அருளிச்செய்யத் தாம் கேட்டதுண்டு என்று உரைத்த பின்னரே காலக்ஷேபம் தொடர்ந்தது.

இந்த ஐதிஹ்யத்தை எம்பெருமானாரின் பெருமைக்குச் சான்றாக மட்டும் சொல்லிச் செல்வது வழக்கம். திறனாய்வு நோக்கில் இதில் இரு பக்கமும் பெருமை உடையன. ஆண்டானின் தடை வெறும் பிடிவாதம் அன்று. ஆழமான பொருள் என்று யார் எதைச் சொன்னாலும் ஏற்றுவிடாமல், இது எங்கிருந்து வந்தது என்று கேட்கும் காவல் அது. எம்பெருமானாரும் எனக்கு அவ்வாறு தோன்றியது என்று சொல்லி நிற்கவில்லை. பதிகத்தின் போக்கைக் காரணம் காட்டினார்; சொல்லை மாற்றாமல் சொற்களின் கூட்டத்தால் பொருளை நாட்டினார். இவ்விரண்டுக்கும் மேல் நம்பியின் சாட்சி வந்து சேர்ந்தது. சொல் இடம் கொடுத்தல், ப்ரகரணம் இசைதல், மற்றொரு சாட்சி உடன்படல் என்னும் மூன்றும் கூடிய பின்பே புதிய பொருள் மரபுப் பொருளாயிற்று. ஒரு துளையை மற்றொரு துளை உறுதி செய்தாற்போல்வது இது.

நஞ்சீயரின் ஒன்பதினாயிரப்படியைப் பற்றிய செய்தியும் இதனையே சொல்லும். படியெடுக்கப் பெற்றுச் சென்ற சுவடி காவிரி வெள்ளத்தில் போக, நம்பிள்ளை தாம் கேட்டதை நினைவிற் கொண்டு எழுதிச் சமர்ப்பித்தார். அதில் சில விசேஷார்த்தங்கள் கூடியிருந்தன. நஞ்சீயர் அவற்றைக் கண்டு உகந்தார். கூடுதல் பொருளுக்கு இடம் உண்டு. ஆனால் அது ஆசார்யர் திருமுன்பே வைத்து ஆராயப்பட்ட பின் நிற்கும் பொருள்.

ஓர் எழுத்தின் ஆழம்

சொல்லினும் சிறியது எழுத்து. ப்ரணவத்தின் அகாரத்துக்கும் மகாரத்துக்கும் ரஹஸ்ய நூல்கள் கொள்ளும் பொருள்கள் மிகையோ என்று ஐயுறுவார்க்கு, அங்கே இடப்பட்டிருக்கும் கட்டுப்பாடுகளைக் காட்டலாம். அகாரம் காக்கும் பொருளுடைய தாதுவிலிருந்து பிறந்தது என்று கொண்டு எம்பெருமானின் ரக்ஷகத்வம் சொல்லப்படுகிறது. அதில் நான்காம் வேற்றுமை உருபு மறைந்து நிற்கிறது என்று கொண்டு ஆத்மா அவனுக்கே உரியது என்னும் சேஷத்வம் பெறப்படுகிறது. மகாரம் ககாரம் முதலாக எண்ணினால் இருபத்தைந்தாம் மெய். தத்துவங்களை எண்ணினால் ஜீவன் இருபத்தைந்தாவது. ஆகவே மகாரம் ஜீவனைக் குறிக்கும்.

இறுதியிற் சொன்ன எண்ணொப்புமை மட்டும் தனித்து நின்றால் அது தற்செயல் என்று தள்ளப்படலாம். ஆயின் அது தனித்து நிற்கவில்லை. அறிவைக் குறிக்கும் தாதுவின் வழியாகவும் மகாரம் அறிவுடைய ஆத்மாவையே காட்டுகிறது. வேற்றுமைப் பொருளும் அதற்கு இசைகிறது. மறைந்த உருபு ஒன்று இருத்தல் வ்யாகரணம் ஒப்பிய செய்தி. உரைகாரர் தம் விருப்பால் படைத்தது அன்று. ஓர் எழுத்தில் இத்தனை அடுக்கு இருப்பினும், ஒவ்வோர் அடுக்கும் வேறொரு ப்ரமாணத்தால் தாங்கப்படுகிறது என்பதே அங்குக் காணவேண்டியது.

உவமை முறியும் இடம்

அகழ்தல், ஆழம், படலம் என்னும் சொற்கள் இன்றைய ஆய்வுரைகளில் பெருகி வழங்குகின்றன. பாசுரத்தை அகழ்ந்து பொருளெடுத்தல் என்பர். அச்சொல்லின் முழுப் பொருளும் என்ன என்பதை நெய்வேலியில் நேரே காணலாம். அங்கே கரி மேலே கிடக்கவில்லை. பல பத்து மீட்டர் ஆழத்துக்கு மேல்மண் மூடியிருக்கிறது. ஒரு பங்கு கரிக்கு அதனினும் பன்மடங்கு மண்ணைச் சுழல்வாளிச் சக்கர இயந்திரங்கள் வெட்டிப் பட்டைகளின் வழியே கடத்திக் குவிக்கின்றன. அந்த மேல்மண் பயிர் விளைந்த மண். வீடும் கோயிலும் நின்ற மண். கரியின் கணக்கில் அது கழிக்கப்பட வேண்டியது.

கரிப்படலத்தின் அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஆர்ட்டீசியன் நீரும் உண்டு. அதனை இடைவிடாது இறைத்து அழுத்தத்தைக் குறைத்தாலன்றிச் சுரங்கத்தின் தளம் பொறுக்காது. முதலில் ஒருவர் தேடியது அந்நீரே. அது பின்னர்ச் சுரங்கத்துக்கு இடையூறாயிற்று. இறைத்த நீர் பாசனத்துக்கும் குடிக்கவும் ஒரு பகுதி செல்கிறது. சுற்றுப்புற உழவர்களோ தம் நிலத்தடி நீர் தாழ்வதைப் பற்றி நெடுங்காலமாக முறையிட்டு வருகின்றனர். 2023 ஜூலையில் வளையமாதேவியில் நெற்பயிர் நின்ற வயல்களின் ஊடே கால்வாய் வெட்டப்பட்டதை நாடே கண்டது. முதல் துகளில் மின்னொளியும் இருந்தது, இதுவும் இருந்தது. முதற் பொருளை வாசித்தவர்கள் பலர். இரண்டாவதை வாசிக்கப் பல ஆண்டுகள் சென்றன.

வ்யாக்யானம் இவ்விடத்தில் சுரங்கத்தோடு ஒவ்வாது; ஒவ்வாமையே அதன் சிறப்பு. ஸ்வாபதேசப் பொருளை அடைய, மேலே உள்ள நேர்ப்பொருளை வெட்டி எறிய வேண்டுவதில்லை. ஆழ்வார் தலைவியாய் நின்று பேசும் பதிகத்தில் பறவைகளைத் தூது விடுகிறார். அப்பறவைகள் ஆசார்யர்களைக் குறிக்கும் என்பது ஸ்வாபதேசம். அதனால் பறவை பறவை ஆகாமல் போகவில்லை. பிரிவாற்றாத ஒருத்தியின் துயரம் முதலில் நெஞ்சில் தைக்க வேண்டும். அத்துயரத்தின் உண்மையின் மேலேயே ஆசார்யரின் இன்றியமையாமை நிலைபெறும். துயரத்தைக் கழித்துவிட்டுக் குறியீட்டை மட்டும் எடுத்தால் எஞ்சுவது பட்டியல்.

இதனைப் பூர்வர்கள் அறிந்திருந்தனர் என்பதைத் திருவாய்மொழி உரைகளின் வரிசையே காட்டும். திருக்குருகைப்பிரான் பிள்ளானின் ஆறாயிரப்படி முதலில் தோன்றியது. பின்னர் நஞ்சீயரின் ஒன்பதினாயிரம். பெரியவாச்சான் பிள்ளையின் இருபத்துநாலாயிரம். நம்பிள்ளை அருளிச்செய்ததை வடக்குத் திருவீதிப் பிள்ளை ஏடுபடுத்திய ஈடு முப்பத்தாறாயிரம். முப்பத்திரண்டு எழுத்து ஒரு படியாதலால் ஆறாயிரப்படி 1,92,000 எழுத்து. ஈடு 11,52,000 எழுத்து. ஆறு மடங்கு விரிவு. வளர்ச்சி இவ்வாறே சென்றிருந்தால் அடுத்த உரை இதனினும் பெரிதாயிருக்க வேண்டும். வந்ததோ வாதிகேஸரி அழகிய மணவாள ஜீயரின் பன்னீராயிரப்படி: அளவில் ஈட்டின் மூன்றில் ஒரு பங்கு, இயல்பில் பதவுரை. சொல்லுக்குச் சொல் நேர்ப்பொருள் கூறும் உரை, மிக ஆழ்ந்த உரைகள் தோன்றிய பின்னர்த் தோன்றிற்று.

பன்னீராயிரம் என்னும் இந்த ஓர் எண்ணில் ஒரு மரபின் தன்னறிவு அடங்கியுள்ளது. ஆழம் சென்றவர்கள் மீண்டும் மேற்பரப்புக்கு வந்து, அது சிதையாமல் நிற்கிறதா என்று பார்த்தனர். ஸ்வாமி தேசிகன் த்ரமிடோபநிஷத் தாத்பர்ய ரத்நாவளியில் பாசுரத்துக்கு ஒரு குணமாக எடுத்துக் கோத்ததும் வேறொரு வழியில் இத்தகைய செயலே. விரிந்ததைச் சுருக்கி, ஒவ்வொரு பாசுரமும் தனித்து எதைச் சொல்கிறது என்று உறுதி செய்தது அது. விரிவும் சுருக்கமும் ஒன்றையொன்று சோதிக்கின்றன.

ஈடு வேறுபட்ட நிர்வாஹங்களை மறைக்காமல் அருகருகே வைப்பதும் இவ்வகையிற் கருதத்தக்கது. ஒரு சொல்லுக்கு ஓர் ஆசார்யர் கொண்ட பொருளும் மற்றொருவர் கொண்ட பொருளும் அவரவர் திருநாமத்தோடு பதிவாகின்றன. ஏற்காத பொருளும் அழிக்கப்படுவதில்லை. திருமாலையாண்டான் சொன்ன பொருள் இன்றும் உரையில் நிற்கிறது.

சோதனைக்கு ஓர் எடுத்துக்காட்டு

மேற்கூறிய நெறியை இந்நிலத்துக்கே பொருத்திப் பார்க்கலாம். ஸ்ரீமுஷ்ணத்தில் எழுந்தருளியிருப்பவன் பூமியைக் கீழிருந்து மேலே கொணர்ந்த வராஹன். அருகிலேயே பூமிக்கடியிலிருந்து செல்வம் வெளிப்பட்டது. ஆகவே தலத்தின் உட்பொருள் நெய்வேலியே என்று ஒருவர் உரைத்தால் அதனை எவ்வாறு கொள்வது? கேட்க இனிது. ஆயின் தலபுராணத்தின் சொல் அதற்கு இடம் தரவில்லை; ப்ரகரணம் இசையவில்லை; மற்றொரு சாட்சி இல்லை. அன்றியும் வராஹன் பூமியை மீட்டது பூமிக்காக; பூமிக்குள் இருப்பதற்காக அன்று. நேர்ப்பொருளே அவ்விரிவை மறுக்கிறது. ஆகவே அது ரஸோக்தியாக ஒரு கணம் மகிழத் தக்கது. அர்த்தமாகக் கொள்ளத் தகாதது. ரஸோக்தி விலக்கப்பட்டதன்று. அதனை ரஸோக்தி என்று சொல்லியே சொல்லவேண்டும்.

இவ்வேறுபாடு மறைந்தால் நேரும் இழப்பு சிறிதன்று. எண்ணொப்புமைகளையும் பெயரொப்புமைகளையும் அடுக்கி, இவற்றை முன்னமே ஆழ்வார் சொல்லிவிட்டார் என்று முடிக்கும் உரைகள் இக்காலத்தில் மிகுந்துள்ளன. இவற்றைக் கேட்கும் இளையோர் துளைமண்ணின் அறிக்கையையும் ஆய்வுக்கூடத்தின் அளவையும் தொழிலாக வாசிப்பவர்கள். வட்டம் வட்டமாக எண்ணிட்ட நெய்வேலி நகரியத்தில் அத்தகையோர் வீடுதோறும் உள்ளனர். ஒரு சான்றிலிருந்து எவ்வளவு கொள்ளலாம் என்பது அவர்களுக்குத் தெரியும். காரணமின்றி விரித்த பொருளை அவர்கள் கைவிடும்போது, காரணத்தோடு விரிந்த பொருளையும் உடன் கைவிடுவர். ஈட்டுக்கும் வெற்றுக் கற்பனைக்கும் உள்ள வேற்றுமையை அவர்களுக்குக் காட்டாமல் விட்டது உரைப்பவர் குற்றமே ஆகும்.

ஆகவே முதலிற் சொன்ன ஐயத்துக்கு விடை இவ்வாறு அமைகிறது. ஒரு சொல்லில் பல அடுக்குப் பொருள் இருத்தல் கூடும். உண்டு என்பதை அச்சொல்லே காட்டவேண்டும். எவ்வளவு என்பதை ப்ரகரணமும் பிற சான்றுகளும் காட்டவேண்டும். கண்டது மெய் என்பதற்கு, மேலே உள்ள நேர்ப்பொருள் அழியாமல் நிற்பதே அடையாளம். திருக்குடந்தைப் பதிகத்தைப் பாடி வந்தவர்கள் அறிந்த பத்தும், நாதமுநிகள் ஆயிரத்தைப் பெற்ற பின்னரும் அதே பத்தாகவே இருந்தது. ஒரு சொல்லும் குறையவில்லை. ஒரு சொல்லும் மாறவில்லை. வீரநாராயணபுரத்திலிருந்து புறப்பட்டுச் சென்றவர் மீண்டுவந்து மன்னனார் திருமுன்பே அதனை அநுஸந்தித்தபோது, கேட்டவர்க்கு அது முன்பு கேட்ட பதிகமே. முன்னும் பின்னும் அதனோடு இணையும் பதிகங்கள் அப்போது கிடைத்திருந்தன என்பதே வேறுபாடு.